உலக்கைக்குப் பூண், பல்லுக்கு கேப்

ரூட் கேனால் முடிந்த பல்லுக்கு கேப் போட வரச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் பர்ஸில் எட்டு மாதம் கிடந்தது. வலிதான் போய்விட்டதே, இன்னும் சில ஆயிரம் எதற்கு என்று ஒரு கணக்கு. ஒன்பதாவது மாதம் ஒரு சாயங்காலம், வறுத்த நிலக்கடலையில் கல்லு மாதிரி கறுத்துப் போன ஒன்று பல்லில் அகப்பட்டது. ‘டக்’கென்று காதுக்குள் ஒரு சத்தம். வலி துளியும் இல்லை. நாக்கால் துழாவினால் கடைவாய்ப் பல்லின் உள்பக்கச் சுவர் தனியாக ஆடுகிறது. ரூட் கேனால் செய்த பல்லுக்குள் நரம்பு இருக்காது. அது உடைந்தால்கூட நம்மிடம் சொல்லாது.

விரிசல் வேருக்குள் இறங்காமல் ஈறுக்கு மேலேயே நின்றுவிட்டது, தப்பித்தேன். வேர் வரை பிளந்திருந்தால் பிடுங்க வேண்டியதுதான். அதற்கப்புறம்தான் இந்த கேப் என்பது என்ன, அதற்கு என்ன வேலை என்று உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

டாக்டர்கள் கிரவுன் என்பார்கள், நாம் கேப் என்போம், புத்தகத் தமிழில் பல் உறை. மூன்றும் ஒன்றுதான். பல்லின் வெளியே தெரியும் பகுதி முழுவதையும் ஈறு வரை மூடுகிற, பல் வடிவத்திலேயே செய்த ஒரு தொப்பி. பல்லில் குழி விழுந்தால் அடைக்கிறார்களே, அது உள்ளே நிரப்பும் வேலை. கேப் வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்கும் வேலை. இந்த வித்தியாசம் புரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

பாட்டி வீட்டு உலக்கையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். உலக்கையின் அடியில் இரும்பு வளையம் ஒன்று இருக்கும், பூண். மரம் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும், பூண் இல்லாமல் நாலு நாள் நெல் குத்தினால் நுனி பிளந்துகொள்ளும். மேலிருந்து விழும் அடி மரத்தைப் பக்கவாட்டில் விரிக்கப் பார்க்கிறது, பூண் விரிய விடாமல் பிடிக்கிறது. கேப் செய்வதும் இதேதான். பல் மருத்துவப் பாடத்திலும் இதே பூண் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். ஈறுக்குச் சற்று மேலே, மிச்சமிருக்கும் நல்ல பல்லைச் சுற்றி கேப் பிடிக்கும் பட்டைக்கு ‘ஃபெரூல்’ என்று பெயர். கைத்தடி நுனியில் போடும் பூணுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் இருந்தால்தான் அந்தப் பிடி கிடைக்கும். “கேப் போடும் அளவுக்குப் பல் மிச்சமில்லை” என்று டாக்டர் சொன்னால், அவர் பேசுவது இந்த இரண்டு மில்லிமீட்டரைப் பற்றித்தான்.

கடைவாய்ப் பல்லில் இறுக்கிக் கடித்தால் 50 கிலோவுக்கு மேல் பாரம் விழும். முழுப் பல் அதைத் தாங்கும். ரூட் கேனால் செய்த பல் ஏன் தாங்காது? நரம்பை எடுத்தால் பல் காய்ந்த விறகு மாதிரி ஆகிவிடும் என்று ரொம்ப காலம் சொல்லி வந்தார்கள். அது அவ்வளவு சரியில்லை. 1989இல் வெளியான ஓர் ஆய்வில், பிடுங்கிய பற்களை வைத்து எதில் எவ்வளவு உறுதி குறைகிறது என்று அளந்தார்கள். ரூட் கேனாலுக்காகத் துளை போட்டு வேரைச் சுத்தம் செய்ததில் மட்டும் குறைந்தது 5 சதவீதம்தான். பக்கத்துப் பற்களைத் தொடும் இரண்டு ஓரச் சுவர்களும் போகும்படி குழி வெட்டியபோது 63 சதவீதம் போய்விட்டது. ஆக, பல்லைக் கெடுத்தது ரூட் கேனால் இல்லை, அதற்கு முன்பே சுவரைத் தின்றுவிட்ட சொத்தை. பல நேரம் சொத்தை தொடங்குவது இரண்டு பற்களுக்கு நடுவில், உணவு மாட்டிக்கொள்ளும் இடத்தில். அப்போது ஓரச் சுவர்தான் முதலில் போகிறது.

இதை வைத்தே யாருக்கு கேப் தேவை என்று பார்த்துக்கொள்ளலாம். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லுக்கு அநேகமாகத் தேவை. முன்பல்லில் சிறு துளை மட்டும் போட்டு மற்றபடி முழுசாக இருந்தால் அடைத்தாலே போதும், கேப் கட்டாயமில்லை. ரூட் கேனாலே செய்யாத, ஆனால் பாதிக்கு மேல் அடைத்துவிட்ட பல்லுக்கோ விரிசல் விட்ட பல்லுக்கோகூட கேப் போடுவார்கள். குழந்தைகளின் பால் பல்லுக்குப் போடும் ஸ்டீல் கேப் வேறு வகை. அளவு வாரியாக ரெடிமேடாகவே வரும், ஒரே நாளில் வேலை முடியும்.

இனி நாற்காலியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தொப்பி மாட்ட வேண்டுமென்றால் தலை சிறிதாக வேண்டும். அப்படியே மேலே மாட்டினால் பல் பக்கத்துப் பல்லை முட்டும், மேல் கீழ் பற்கள் சேராது. அதனால் பல்லைச் சுற்றிலும் மேலேயும் ராவுகிறார்கள். என்ன பொருளில் கேப் என்பதைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை போகும். ‘ஏரோட்டர்’ என்று அவர்கள் சொல்லும் கருவியின் நுனியில் வைரத்தூள் ஒட்டிய ஊசி நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் தடவை சுற்றும். ‘உய்ங்’ என்று பயமுறுத்துவது அதுதான். கூடவே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பது பல் சூடாகாமல் இருக்க. உயிருள்ள பல்லானால் மரத்துப் போக ஊசி போட்டுத்தான் தொடங்குவார்கள். ரூட் கேனால் செய்த பல்லுக்கு ராவுவது தெரியாது, ஆனால் ஈறுக்குத் தெரியும். அதனால் அதற்கும் பல நேரம் ஊசி உண்டு. ஊசி போட்டதும் நெஞ்சு ஒரு நிமிடம் படபடத்தால் பதற வேண்டாம், மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலின் செய்யும் வேலையாக இருக்கலாம். இதய நோய், ரத்த அழுத்தம், வேறு மாத்திரைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. நல்ல முன்பற்களைச் சிரிப்பு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக வரிசையாக ராவி கேப் மாட்டிக்கொள்ளும் ஆசை இப்போது கூடியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்காது. பிளக்காத உலக்கையைச் செதுக்கிப் பூண் போடுகிற கதை அது.

ராவி முடித்ததும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய நூல் ஒன்றைச் செருகுவார்கள். ஈறு கொஞ்சம் விலகி, ராவிய விளிம்பு கண்ணுக்குத் தெரியும். அப்புறம் அளவு. சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்த ரப்பர் பசையைத் தட்டில் வைத்து வாயில் அழுத்தி எடுப்பது ஒரு வழி. பேனா போன்ற ஸ்கேனரை வாய்க்குள் ஓட்டிக் கம்ப்யூட்டரில் பல்லை வரைந்துகொள்வது இன்னொரு வழி. பசை தொண்டைப் பக்கம் போனால் குமட்டும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு தலையைச் சற்று முன்னால் சாய்த்தால் சமாளிக்கலாம்.

நிறம் பார்ப்பது ராவுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியும், அப்போது எடுத்த நிறம் தப்பாகப் போகும். சாவிக்கொத்து மாதிரி வரிசையாக மாதிரிப் பற்களை வைத்திருப்பார்கள், ஏ1, ஏ2, பி2 என்று நம்பர் போட்டு. நம் ஊர்ப் பற்கள் பலவும் லேசான மஞ்சள் சாயல் கொண்டவை. ‘இருப்பதிலேயே வெள்ளை’ என்று கேட்டு வாங்கினால் அந்த ஒரு பல் மட்டும் பால் சொட்டு போலத் தனியாக நிற்கும். ஜன்னல் பக்கம் போய் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கே ஒரு தற்காலிக கேப் மாட்டி அனுப்புவார்கள். வாயில் கிராம்பு வாசம் அடித்தால், ஒட்டிய பசையில் கிராம்பு எண்ணெயின் சத்து இருக்கிறது என்று அர்த்தம். சில நாளைக்குத்தானே என்று இதை அலட்சியம் செய்யக் கூடாது. அது கழன்று விழுந்து அப்படியே விட்டால், பக்கத்துப் பற்கள் காலி இடத்தை நோக்கி நகரும், எதிர்ப் பல் இறங்கும், ஈறு விளிம்பின் மேல் ஏறும். அப்புறம் லேபில் செய்து வரும் கேப் பொருந்தாது. அந்த நாட்களில் ஜவ்வு மிட்டாய், அல்வா, கடலை மிட்டாய் வேண்டாம்.

பொருள் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புவார்கள்.

மலிவானது முழு உலோக கேப். நிக்கல் குரோமியம் அல்லது கோபால்ட் குரோமியம் கலவை. வெள்ளி நிறத்தில் இருக்கும் என்பதால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு, சிரித்தாலும் தெரியாத இடத்துக்கு, இன்றைக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெல்லியதாகச் செய்யலாம், அதனால் பல்லைக் குறைவாக ராவினால் போதும், உடையவும் உடையாது. கவரிங் நகை போட்டால் அரிக்கும் உடம்பு என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இந்த உலோக கேப் செய்யும் விதத்தில் நமக்குத் தெரிந்த ஒரு கதை ஒளிந்திருக்கிறது. டெக்னீஷியன் அச்சின் மேல் மெழுகில் பல்லைச் செதுக்குவார். அந்த மெழுகுப் பல்லைச் சுற்றிச் சூடு தாங்கும் மாவை ஊற்றி இறுகவிட்டு உலையில் வைத்தால் மெழுகு எரிந்து போய் உள்ளே பல் வடிவில் வெற்றிடம் நிற்கும். அதில் உருகிய உலோகம் போகும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் சிலை செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிப் பஞ்சலோகம் ஊற்றுகிறார்களே, அதே முறை. பல் வைத்தியத்தில் இதை 1907இல் பரவச் செய்தவர் சிகாகோ பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட். சோழர் காலத்து நடராஜரும் என் அப்பாவின் கடைவாய் கேப்பும் ஒரே வழியில் பிறந்தவர்கள். இப்போது பல லேப்களில் மெழுகு போய், உலோகத்தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிச் செய்கிறார்கள்.

அடுத்தது, உள்ளே உலோகம் வெளியே பீங்கான். பலர் ‘செராமிக் கேப்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பார்க்கப் பல் மாதிரி இருக்கும், விலையும் நடுத்தரம். குறை இரண்டு. பீங்கான் சில்லு தெறிக்கலாம். வயதாகி ஈறு இறங்கும்போது விளிம்பில் உலோகம் கறுப்புக் கோடாகத் தெரியும். முன்பல்லில் அந்தக் கோடு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

உலோகமே இல்லாதவற்றில் இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுவது ஜிர்கோனியா. வைரம் மாதிரி நகைக்கடையில் விற்கிறார்களே அந்தக் கல்லுக்குப் பங்காளி, ஜிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. முதலில் சாக்பீஸ் போல மென்மையான வட்டையாக வரும். அதில் கேப்பை வேண்டிய அளவைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக மெஷின் கடைந்தெடுக்கும். சுமார் 1500 டிகிரி சூட்டில் சுட்டதும் சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து பாறையாக இறுகும். பச்சைப் பானை சூளையில் சுருங்கும் என்று கணக்குப் போட்டுக் குயவர் பெரிதாக வனைவது போலத்தான். கடைவாய்க்குத் தாராளமாகத் தாங்கும். முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானும் உண்டு. ஒளி அதனுள் ஊடுருவும் விதம் நிஜ எனாமலை ஒத்திருக்கும், ஆனால் ஜிர்கோனியா அளவு வலு கிடையாது.

ஜிர்கோனியாவுக்கு ஐந்து, பத்து, பதினைந்து வருட வாரன்டி கார்டு தருவார்கள். அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். பொதுவாக கேப் உடைந்தால் வேறு செய்து தருவதற்குத்தான் அந்த உத்தரவாதம். உள்ளே இருக்கும் பல் கெட்டால் அதற்கு எந்தக் கார்டும் இல்லை.

கேப் வந்ததும் மாட்டும் நாள். ஒட்டுவதற்கு முன்னால் வெறுமனே வைத்துப் பார்ப்பார்கள். அவசரம் வேண்டாம், இந்தக் கால் மணி நேரம்தான் முக்கியம். பக்கத்துப் பற்களோடு சரியாகத் தொடுகிறதா என்று ஃப்ளாஸ் நூல் விட்டுப் பார்ப்பார்கள். நூல் ‘சடக்’கென்று ஒரு பிடியோடு இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் இறுக்கம், தடையே இல்லாமல் இறங்கினால் நாளைக்கு முருங்கைக்காய் நார் அங்கேதான் மாட்டும். விளிம்பில் நுனி கூரான கருவியை ஓட்டி, படி தட்டுகிறதா என்று பார்ப்பார்கள். நிறம் பிடிக்கவில்லையென்றால் இப்போதே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். ஒட்டின பிறகு சொன்னால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த நீலக் காகிதம். பழைய கார்பன் பேப்பர் போல ஒரு துண்டு.

“டக் டக்னு கடிங்க சார். பக்கவாட்டுல அரைங்க. எப்படி இருக்கு?”

“கொஞ்சம் இடிக்குது டாக்டர்.”

இடிக்கும் இடத்தில் நீலப் பொட்டு விழும். அதை மட்டும் லேசாகத் தேய்ப்பார். மறுபடி காகிதம், மறுபடி டக் டக். எனக்கு ஐந்து தடவை ஆனது. நாலாவது தடவையே ‘சரியாயிருச்சு’ என்று சொல்லிவிட வாய் வந்தது, பாவம் வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்களே என்று. சொல்லாதீர்கள். இரண்டு பற்களுக்கு நடுவே முடியைவிட மெல்லிய தகடு இருந்தால்கூட நமக்குத் தெரியும். அந்த அளவுக்கு உயரம் கூடினாலே பல் தினமும் இடி வாங்கி வலிக்கும், பீங்கானும் தெறிக்கும். தேய்த்த இடத்தை மறுபடி பாலிஷ் போட வேண்டும், முக்கியமாக ஜிர்கோனியாவில். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப் பல்லை அது அரம் போலத் தேய்க்கும். மரத்துப் போன வாயோடு கடித்துப் பார்த்துச் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். மறுநாள் சாப்பிடும்போது இடித்தால் கூச்சப்படாமல் திரும்பிப் போங்கள்.

ஒட்டுவது ஐந்து நிமிட வேலைதான். பஞ்சு வைத்து எச்சில் படாமல் பல்லை உலர்த்தி, சிமெண்ட் தடவி அழுத்தி, பஞ்சு உருளையைக் கடித்துக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். பிதுங்கி வந்த சிமெண்டைச் சுரண்டி எடுப்பார்கள். அதில் ஒரு துணுக்கு ஈறுக்குள் தங்கினாலும் ஈறு வீங்கும். அன்று முழுவதும் அந்தப் பக்கம் ஒட்டும் பண்டம் வேண்டாம்.

கேப் போட்டாயிற்று, இனி அந்தப் பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கேப் சொத்தையாகாது, சரிதான். கேப் முடிந்து பல் தொடங்குகிற அந்த விளிம்பு சொத்தையாகும். அங்கே கிருமி நுழைந்தால் உள்ளே பல் கரையும். ரூட் கேனால் செய்த பல்லில் வலியும் இருக்காது, உலோகம் மறைப்பதால் எக்ஸ்ரேயிலும் சுலபமாகத் தெரியாது. பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது ஃப்ளாஸ் நூல். அந்தப் பல்லுக்கருகே விட்டு எடுத்த நூல் மட்டும் தினமும் நாறினால் போய்க் காட்டுங்கள். பிரஷைப் பல்லின் நடுவில் தேய்ப்பதைவிட, ஈறும் கேப்பும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து மெதுவாகத் தேய்ப்பதுதான் பயன். ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் அதற்கென்று உள்ள உறையை வாயில் போட்டுக்கொண்டு படுப்பது நல்லது. இப்படியெல்லாம் பார்த்துக்கொண்டால் 10, 15 வருடம் சாதாரணமாக வரும். அதற்கு மேலும் வாழ்கிறவை உண்டு.

சில சமயம் கேப் கழன்று கையோடு வரும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டிலிருக்கும் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள், அது வாய்க்குள் வைக்கும் பொருள் இல்லை, கோணலாக ஒட்டிவிட்டால் டாக்டராலும் சரிசெய்வது கஷ்டம். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். சாப்பிடும்போது புரையேறி இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் அத்தைக்குப் போன தைப்பொங்கல் சமயத்தில் இப்படிக் கழன்றது. கரும்பு தின்னக் கூடாது என்று சொல்லியிருந்தோம், கேட்கவில்லை. கேப்பைக் கழுவிக் காகிதத்தில் மடித்து அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்தார், தொலையாத இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்று. மூன்றாம் நாள் டாக்டரிடம் அழைத்துப் போனோம். உள்ளே இருந்த பல் நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் கேப்பைக் கவிழ்த்துப் பழைய சிமெண்டைச் சுரண்டினார், திரும்ப ஒட்டப் பத்து நிமிடம்தான் ஆனது. சுரண்டும்போது உள்ளேயிருந்து ஒரு கடுகு உருண்டு தட்டில் விழுந்தது.